அறிவியல் தனிவகுப்பு எடுப்பது எப்படி? முதல் சந்திப்பிலிருந்து கடைசித் தேர்வு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நாற்பது பேர் இருக்கும் வகுப்பறையில் எவ்வளவு நல்ல ஆசிரியராலும் செய்ய முடியாத ஒரு காரியம் தனிவகுப்பில் முடியும். ஒரு பிள்ளை ஒரு கணக்கை எப்படி யோசிக்கிறது என்பதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உட்கார்ந்து கேட்கலாம். டியூஷன் எடுக்க வரும் பலர் இந்த வாய்ப்பைக் கைவிட்டுவிட்டு, பள்ளியில் நடந்த பாடத்தையே இன்னொரு முறை நடத்துகிறார்கள். ஏற்கெனவே புரியாத விளக்கம் இரண்டாவது தடவை கேட்டால் புரிந்துவிடாது.

1984இல் கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூம் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஒருவருக்கு ஒருவர் என்று கற்ற மாணவர்களின் சராசரி, வழக்கமான வகுப்பில் படித்தவர்களின் சராசரியைவிட இரண்டு திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) மேலே இருந்தது என்றார். பின்னால் வந்த ஆய்வுகளில் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இல்லை. ஆய்வாளர் கர்ட் வான்லேன் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது ஏறக்குறைய 0.8 திட்ட விலக்கம் என்று வந்தது. அதுவும் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஆள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் அது கிடைத்துவிடாது. மாணவர் பேச, நீங்கள் கேட்க, அவர் தடுமாறும் இடத்தில் மட்டும் கைகொடுக்கும்போதுதான் கிடைக்கும். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாப் படிகளும் அதைச் சுற்றித்தான் வருகின்றன.

படி 1: எதை நடத்தப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் எல்லா வகுப்புக்கும் நடத்துவேன் என்று ஆரம்பிக்காதீர்கள். கீழ்வகுப்புகளுக்குப் பொது அறிவியலாக எடுக்கலாம். மேல்நிலை வகுப்புக்குப் போனால் ஒரு பாடம், அதிகம் போனால் இரண்டு.

உங்களையே சோதிக்க ஒரு வழி உண்டு. அந்த வகுப்பின் பழைய வினாத்தாளை எடுத்து, நேரம் வைத்து, புத்தகம் பார்க்காமல் எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு விடைக்கும் “ஏன்?” என்று இரண்டு முறை கேட்டுப் பாருங்கள். ‘உப்பு நீரில் கரையும்’ என்பது விடை. ஏன் கரைகிறது? நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்து இழுக்கின்றன. ஏன் இழுக்கின்றன? நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேர்மின் தன்மையும் மறுபக்கம் சற்று எதிர்மின் தன்மையும் கொண்டது. இரண்டாவது ‘ஏன்’ வரை தடையில்லாமல் போக முடிந்தால் அந்தப் பாடத்தை நடத்தலாம். முடியாத இடங்களைக் குறித்துவைத்து முதலில் அவற்றைப் படியுங்கள்.

பாடத்திட்டம், பழைய வினாத்தாள்கள், மதிப்பெண் வழங்கும் குறிப்பு ஆகிய மூன்றும் எப்போதும் கையில் இருக்கட்டும். தேர்வு வாரியம் திருத்துபவர்களின் அறிக்கை வெளியிட்டால் அதையும் விடாதீர்கள். பிள்ளைகள் எந்தக் கேள்வியில் எப்படித் தவறுகிறார்கள் என்பதை அந்த வாரியமே எழுதித் தந்திருக்கும்.

படி 2: பெற்றோருடன் முதல் பேச்சு

கட்டணம், அதை எப்போது கொடுப்பது, வகுப்பை ரத்து செய்தால் என்ன ஏற்பாடு, வாரம் எத்தனை நாள் என்பவற்றை முதல் நாளே தெளிவாகப் பேசி, ஒரு செய்தியாக எழுதி அனுப்பிவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும். கட்டணத்தை முடிவு செய்யும்போது வகுப்பு நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். தயாரிப்பு, திருத்தம், பயணம் எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் உழைப்பு.

பாதுகாப்பு பற்றியும் நீங்களே முதலில் பேச்சை எடுங்கள். கதவு திறந்திருக்கும் அறை, வீட்டில் ஒரு பெரியவர் இருப்பது, செய்திகள் பெற்றோர் எண்ணுக்கே போவது ஆகியவை பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

“இந்தத் தடவை எத்தனை மார்க் வரும்?” என்ற கேள்வி கட்டாயம் வரும். எண்ணைச் சொல்லி வாக்குக் கொடுக்காதீர்கள். ‘இரண்டு மூன்று வகுப்பு முடிந்ததும் எங்கே இடைவெளி இருக்கிறது, எந்த வரிசையில் சரிசெய்யலாம் என்று சொல்கிறேன்’ என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். பள்ளி ஆசிரியரைக் குறைசொல்லும் பேச்சில் கலந்துகொள்ள வேண்டாம். மறுநாள் காலை அதே ஆசிரியரின் வகுப்பில்தான் பிள்ளை உட்காரப் போகிறது.

படி 3: முதல் வகுப்பில் பாடம் நடத்தாதீர்கள்

அறிவியலில் ஒரு பிள்ளை வெற்றுத் தாளாக வந்து உட்காருவதில்லை. உலகம் எப்படி இயங்குகிறது என்பதற்குச் சொந்தமாக ஒரு விளக்கத்தோடுதான் வருகிறது. அந்த விளக்கம் பல இடங்களில் தவறாக இருக்கும், ஆனால் பிள்ளைக்கு அது நன்றாக வேலை செய்கிறது. நீங்கள் அதைக் கண்டுகொள்ளாமல் மேலே சூத்திரத்தை அடுக்கினால், தேர்வில் சூத்திரம் வரும், மனதில் பழைய விளக்கமே இருக்கும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் எல்லாம் சரிந்துவிடும்.

முதல் வகுப்பில் இப்படிச் சில கேள்விகள் கேளுங்கள்.

மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அப்போது அதன்மேல் என்ன விசை செயல்படுகிறது? ‘கை கொடுத்த விசை இன்னும் கொஞ்சம் இருக்கும்’ என்றோ, ‘நின்றுவிட்டதால் விசையே இல்லை’ என்றோ விடை வரலாம். காற்றின் தடையை விட்டுவிட்டால் அங்கே இருப்பது ஈர்ப்பு விசை மட்டும். திசைவேகம் சுழியாக இருந்தாலும் முடுக்கம் கீழ்நோக்கி 9.8 மீட்டர்/வினாடி² அப்படியே இருக்கிறது. திசைவேகத்தையும் முடுக்கத்தையும் பிள்ளை பிரித்துப் பார்க்கிறதா என்பதை இந்த ஒரு கேள்வியே காட்டிவிடும்.

கொதிக்கும் நீரில் எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது? ‘காற்று’ என்பார்கள். ‘ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்’ என்று சொல்பவர்களும் உண்டு. உள்ளே இருப்பது நீராவி. இரண்டாவது விடையைச் சொல்லும் பிள்ளைக்கு இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என்ற வரையறைகள் மனப்பாடமாக இருந்தாலும் பொருள் புரியவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு பேட்டரியோடு இரண்டு பல்புகள் தொடரிணைப்பில் இருக்கின்றன. முதல் பல்பைத் தாண்டியபின் மின்னோட்டம் குறையுமா? குறையாது, எங்கும் ஒன்றேதான். ‘பல்பு கரண்டைத் தின்றுவிடும்’ என்ற எண்ணம் மிகவும் ஆழமானது. மின்னோட்டத்தையும் ஆற்றலையும் ஒன்றாக நினைப்பதால் வருவது அது.

ஒரு பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்பதுதான் பெரும்பாலும் வரும் விடை. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்ற அறிவியலாளர் ஒரு தொட்டியில் வில்லோ மரக்கன்றை நட்டு ஐந்து ஆண்டு நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் ஏறக்குறைய 74 கிலோ கூடியிருந்தது. மண்ணில் குறைந்ததோ 60 கிராமுக்கும் குறைவு. மரத்தின் பொருள் முழுவதும் நீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவுகட்டினார். அதுவும் தவறுதான். உலர்ந்த மரத்தின் நிறையில் பெரும்பகுதி காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது. இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கும். கவனமாகச் சோதனை செய்த ஒரு பெரிய ஆள்கூடத் தவறான முடிவுக்கு வரலாம் என்று தெரிந்ததும், தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் அவர்களுக்குக் குறைகிறது.

இவற்றோடு கணிதத்தையும் தனியாகச் சோதியுங்கள். சமன்பாட்டை மாற்றி எழுதுவது, பத்தின் அடுக்குகள், விகிதம், வரைபடத்தின் சாய்வு. ‘இயற்பியல் வரவில்லை’ என்று அனுப்பப்படும் பிள்ளைக்கு உண்மையில் வராதது பின்னமாக இருக்கலாம். அப்படியானால் மூன்று வகுப்பைப் பின்னத்துக்கே செலவிடுங்கள். பெற்றோரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

விடை தவறும்போது உடனே திருத்தாமல், ‘எப்படி யோசித்தாய்?’ என்று கேட்டு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்புதான் உங்கள் பாடத்திட்டம்.

படி 4: ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

முதல் பத்து நிமிடம் பழைய பாடம், நோட்டை மூடிவைத்து. போன வாரம் படித்ததில் மூன்று கேள்வி, போன மாதம் படித்ததில் இரண்டு. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். ‘திரும்பத் திரும்பப் படிக்கிறேன், பரீட்சையில் மறந்துவிடுகிறது’ என்று அழும் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் புரியவையுங்கள். குறை அதனிடம் இல்லை, படிக்கும் முறையில்தான்.

அடுத்து ஒரே ஒரு புதிய கருத்து. ஒன்றுதான். ஒரு மாதிரிக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஏன் இதைச் செய்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டாவது கணக்கில் பாதியை நீங்கள் எழுதி மீதியை அவர்களிடம் விடுங்கள். மூன்றாவது முழுக்க அவர்களுடையது, பேனா அவர்கள் கையில். கடைசிப் பத்து நிமிடத்தில் அன்று கற்றதை உங்களுக்கு அவர்கள் நடத்தட்டும். தேர்வு மொழியில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் எந்த மொழியில் பேசுகிறார்களோ அதில் முதலில் சொல்லட்டும், கருத்து சரியானதும் தேர்வு நடைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பது ஒரு தனித் திறமை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டு விடைக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு வினாடிதான் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அளந்து காட்டினார். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீளமாயின, ‘தெரியாது’ என்ற பதில் குறைந்தது. தனிவகுப்பில் பத்து வினாடிகூடக் காத்திருக்கலாம். அந்த மௌனம் உங்களுக்குத்தான் சங்கடமாக இருக்கும், பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்.

படி 5: பாடத்துக்குப் பாடம் முறை மாறும்

*இயற்பியல்.* சூத்திரத்துக்கு முன்னால் படம். பொருளை வரைந்து, அதன்மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறியாகப் போட்டபிறகுதான் எண்கள். அலகு எழுதாத வரியை ஏற்காதீர்கள். விடை வந்ததும் ‘இது நம்பும்படி இருக்கிறதா?’ என்று கேட்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு: மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் வினாடிக்கு வினாடி 4 மீட்டர்/வினாடி வீதம் வேகம் குறைந்து நிற்கிறது. 72 என்பது வினாடிக்கு 20 மீட்டர். நிற்க 5 வினாடி, கடக்கும் தூரம் 50 மீட்டர். இத்தோடு விடாதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் எவ்வளவு என்று கணக்கிடும் முன்பே ஊகிக்கச் சொல்லுங்கள். ‘100’ என்று வரும். கணக்குப் போட்டால் 200. வேகத்தின் இருமடியைப் பொறுத்துத் தூரம் மாறுகிறது என்பது அந்த ஆச்சரியத்தில் பதிந்துவிடும். ஊகம், கணக்கு, இரண்டுக்கும் உள்ள முரண் என்ற இந்த வரிசை எந்த அத்தியாயத்துக்கும் பொருந்தும்.

*வேதியியல்.* இங்கே சிக்கல் வேறு. கண்ணால் பார்ப்பது, அணு-மூலக்கூறு அளவில் நடப்பது, தாளில் எழுதும் குறியீடு என்று மூன்று தளங்களில் ஒரே நேரத்தில் பேச வேண்டியிருப்பதுதான் வேதியியலைக் கடினமாக்குகிறது என்று வேதியியல் கல்வி ஆய்வாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1980களிலேயே விளக்கினார். ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் மூன்று தளத்துக்கும் தாவிவிடுவார், பிள்ளை முதல் தளத்திலேயே நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு வினைக்கும் மூன்று கட்டம் போடுங்கள்: கண்ணுக்குத் தெரிவது என்ன, துகள்களை வரைந்தால் எப்படி இருக்கும், சமன்பாடு என்ன.

மோல் என்றதும் பல பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். மோல் என்பது ஓர் எண்ணிக்கை மட்டுமே. 2019 முதல் அது துல்லியமாக 6.02214076 × 10²³ என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. எண்ணிக்கை என்ற எண்ணம் உறைக்க, சிறிய எண்களில் தொடங்குங்கள். இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்தால் இரண்டு நீர் மூலக்கூறு. ஐந்து ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் இருந்தால்? வரைந்து பார்த்தால் இரண்டு நீர் வரும், மூன்று ஹைட்ரஜன் மிஞ்சும். இப்போது அதே கணக்கை கிராமில் கொடுங்கள்: 10 கிராம் ஹைட்ரஜன், 32 கிராம் ஆக்சிஜன். அதாவது 5 மோலும் 1 மோலும். 36 கிராம் நீர் உண்டாகும், 6 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சும். 36ம் 6ம் சேர்ந்து 42, தொடக்கத்தில் இருந்ததும் 42. நிறை அழியவில்லை என்பதைப் பிள்ளையே கூட்டிப் பார்த்துக்கொள்ளும்.

*உயிரியல்.* மனப்பாடப் பாடம் என்ற பெயர் இதற்கு நியாயமில்லை. ஒவ்வொரு செயல்முறையையும் ‘இதனால் இது, இதனால் இது’ என்று சங்கிலியாக எழுதச் சொல்லுங்கள். சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கே மதிப்பெண் போகும். கேள்வியில் ‘விவரி’ என்றால் என்ன நடக்கிறது என்று எழுத வேண்டும், ‘விளக்கு’ என்றால் ஏன் நடக்கிறது என்று எழுத வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமலே நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

மரபியலில் உண்மையான தரவைக் கொடுங்கள். மெண்டலின் பட்டாணிச் சோதனையில் இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதைகள் 5474, சுருங்கிய விதைகள் 1850. வகுத்தால் 2.96. ஏன் சரியாக 3 வரவில்லை என்று கேளுங்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்க்கவையுங்கள். 3க்கு 1 என்பது ஒவ்வொரு செடிக்கும் எழுதப்பட்ட விதி இல்லை, வாய்ப்பின் கணக்கு என்று தெரிந்துவிடும்.

படி 6: ஆய்வகம் இல்லாமல் சோதனை

ஒரு நூல், ஒரு சிறு எடை, கைப்பேசியில் நேரம் பார்க்கும் வசதி. ஒரு மீட்டர் ஊசல் ஒரு முழு அலைவுக்கு ஏறக்குறைய 2 வினாடி எடுக்கும், 25 சென்டிமீட்டர் ஊசல் 1 வினாடி. நீளம் நான்கில் ஒன்றானால் நேரம் பாதி. ஒரே அலைவை அளந்தால், கை தாமதிக்கும் 0.2 வினாடி 2 வினாடியில் பத்து சதவீதப் பிழை. 20 அலைவை அளந்தால் அதே தாமதம் 40 வினாடியில் அரை சதவீதம்தான். பிழையைக் குறைப்பது பற்றி நீளமாக நடத்த வேண்டியதை இது சில நிமிடத்தில் காட்டிவிடும்.

ஒரே அளவு உருளைக்கிழங்குத் துண்டுகளைச் சாதாரண நீரிலும் கெட்டியான உப்பு நீரிலும் போட்டு முன்னும் பின்னும் எடைபோட்டால் சவ்வூடு பரவல் கண்முன் நடக்கும். செய்ய முடியாதவற்றுக்கு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) பாவனைச் சோதனைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2002இல் இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கியது அது. மின்சுற்றுப் பகுதி மிகவும் நன்றாக இருக்கும்.

இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வீட்டு மின்சாரத்தைத் தொடும் சோதனை வேண்டாம், சிறு பேட்டரிகள் போதும். சலவைக்குப் பயன்படும் ப்ளீச்சோடு அமிலத்தையோ அம்மோனியாவையோ எந்தக் காரணத்துக்காகவும் கலக்க விடாதீர்கள், நச்சு வாயு வரும்.

படி 7: வீட்டுப்பாடமும் தவறு நோட்டும்

பள்ளி வீட்டுப்பாடத்தை உங்கள் வகுப்பில் முடித்துக் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்காதீர்கள். ஒருமுறை தொடங்கினால் முழு நேரமும் அதற்கே போய்விடும். நீங்கள் கொடுப்பது குறைவாக இருக்கட்டும்: ஐந்து கேள்வி, அவற்றில் இரண்டு பழைய பாடத்திலிருந்து.

எல்லா மாணவருக்கும் ஒரு தனி நோட்டு தேவை. தவறான விடை, அப்போது என்ன நினைத்தேன், சரியான விடை, அடுத்த முறை எதைக் கவனிப்பேன் என்று நான்கு பகுதி. அதைப் பிள்ளைதான் எழுத வேண்டும், நீங்கள் இல்லை. சில வாரம் கழித்துப் புரட்டினால் ஒரே தவறு வேறு வேறு அத்தியாயத்தில் திரும்ப வருவது தெரியும். அலகு மாற்ற மறப்பது, வரைபடத்தின் அச்சைப் படிக்காமல் விடுவது, கேள்வியின் கடைசி வரியைத் தவறவிடுவது. பெற்றோரிடம் முன்னேற்றம் பேசும்போது மதிப்பெண்ணைவிட இந்த நோட்டைக் காட்டுவது நல்லது.

தேர்வுக்கு முந்தைய மாதத்தில் புதுப் பாடத்தைக் குறைத்து, நேரம் வைத்து முழு வினாத்தாள் எழுதவையுங்கள். திருத்துவதையும் பிள்ளையிடமே, மதிப்பெண் குறிப்போடு கொடுங்கள். திருத்துபவர் எதைத் தேடுகிறார் என்பது அப்போதுதான் புரியும்.

படி 8: இணையவழி வகுப்பு, குழு வகுப்பு

இணையத்தில் நடத்தினால் பிள்ளையின் முகத்தைவிட நோட்டு தெரிய வேண்டும். ஒரு பழைய கைப்பேசியை மேலிருந்து கீழ்நோக்கி நிறுத்தி இரண்டாவது கேமராவாக வைத்தால் போதும். எழுதும் கை எங்கே தயங்குகிறது என்று பார்க்க முடியாத இணைய வகுப்பு, காணொளி பார்ப்பதற்குச் சமம்.

குழுவாக எடுப்பதானால் மூன்று நான்கு பேருக்கு மேல் வேண்டாம், ஒரே நிலையில் உள்ளவர்களாக இருக்கட்டும். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவரும் யோசிப்பதைக் கேட்க நேரம் இருக்காது. மாணவர்களைத் தேடுவதற்குப் பெரிய விளம்பரம் தேவையில்லை. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் செய்தால் அவர்களின் பெற்றோரே அடுத்தவர்களை அனுப்புவார்கள்.

படி 9: வகுப்பை நிறுத்தும் நேரம்

சில பிள்ளைகளுக்கு உங்கள் உதவி போதாது. எழுத்துகளைப் படிப்பதிலேயே தொடர்ந்து சிரமம், தேர்வு என்றாலே தூக்கம் வராமை, சாப்பிடாமல் இருப்பது போன்றவற்றைக் கண்டால் இன்னும் இரண்டு வகுப்பு கூட்டாதீர்கள். பெற்றோரிடம் மெதுவாக, வெளிப்படையாகச் சொல்லி, அதற்கென்று பயிற்சி பெற்றவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நன்றாக முன்னேறிய பிள்ளைக்கும் ஒரு முடிவு வேண்டும். புதிய கேள்வியைப் பார்த்ததும் உங்கள் முகத்தைப் பார்க்காமல் பேனாவை எடுத்துப் படம் போடத் தொடங்கினால், வாரம் இரண்டு நாளை ஒன்றாக்குங்கள், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்குங்கள். அந்த வகுப்புகளில் என்ன படிக்க வேண்டும் என்பதைப் பிள்ளையே தவறு நோட்டைப் பார்த்து முடிவு செய்யட்டும். தொடர வேண்டியதில்லை என்று தெரிந்தால், பெற்றோர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள். அடுத்த பெரிய தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரே ஒரு வகுப்புக்கு நாள் குறித்துக்கொண்டு, அதுவரை வரும் சந்தேகங்களை எழுதிவைக்கச் சொன்னால் போதும்.